வெளிக்காற்று

எண்ணூர்க் கடற்கரையில், காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கி ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசைகட்டி நின்றன. அவற்றில் ஒன்றில் ரெஜினா பொறியாளர். காலையில் வேலையில் இறங்குமுன் ஆக்சிஜன் மீட்டரைத் திறந்தவெளியில் பிடித்துப் பொத்தானை அழுத்துவாள். அங்கிருக்கும் காற்றையே இருபத்தொரு சதவீதம் ஆக்சிஜன் உள்ள நல்ல காற்று என்று மீட்டர் எடுத்துக்கொள்ளும். பணியில் சேர்ந்த நாள்முதல் அதுதான் வழக்கம்.

அன்று கிடங்கை ஒழித்தபோது, அவள் சேர்ந்த வருடம் வெறும் காற்றை நிரப்பி மூடிவைத்த சிலிண்டர் ஒன்று அகப்பட்டது. விளையாட்டாகத் திறந்து மீட்டரைப் பிடித்தாள். இருபத்தொன்று காட்டவேண்டியது இருபத்தாறு காட்டியது.

“மீட்டர் மக்கர் பண்ணுது மேடம்,” என்று ஆபரேட்டர் சேவியர் வேறொன்றைக் கொண்டுவந்தார். அதிலும் இருபத்தாறு.

ரெஜினா சிலிண்டரை மூடிவிட்டுச் சேவியரிடம் திரும்பினாள்.

“சிலிண்டர்ல இருக்கறதுதாண்ணே சரியான காத்து. வெளியிலதான் ஆக்சிஜன் குறைஞ்சுபோச்சு. அந்தக் காத்தையே சரின்னு தினமும் நாமதான் மீட்டருக்குச் சொல்லிக்கொடுத்துட்டு இருந்திருக்கோம்.”

மாடியேறினால் மூச்சு வாங்குகிறது என்ற மகளை, சோம்பேறி என்று காலையில்தான் திட்டியிருந்தாள்.

சங்கு ஊதியது. அடுத்த ஷிஃப்ட்காரர்கள் இரைக்க இரைக்க வந்து முற்றத்தில் நின்று, மீட்டரை உயர்த்திப் பொத்தானை அழுத்தினார்கள். எல்லாவற்றிலும் பச்சை விளக்கு எரிந்தது.