சின்னவளின் முட்டைகோஸ்

"கொஞ்ச நேரம் உசுரோட இருங்க, போதும்" என்று பெரியவள் புழுக்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் தன் முட்டைகோஸ் வயலில் குனிந்து, பச்சைப் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவுக்குள் விட்டாள். தின்பதற்கு ஒரு இலையும் கிள்ளிப் போட்டாள்.

"மருந்து அடிக்க மாட்டேன்னு சொன்னே, சரி. இப்ப புழு வளர்க்கவும் ஆரம்பிச்சிட்டியா?" வரப்பில் நின்ற கணவன் கேட்டான். "இன்னிக்கு அந்தக் கடைக்காரம்மா உன் காயை எடுக்கலைன்னா, அடுத்த விதைப்புக்கு நான் மருந்து வாங்கிட்டு வந்துடுவேன். அப்புறம் தவளை போச்சு, தேனீ போச்சுன்னு அழக் கூடாது."

பெரியவள் அடுத்த புழுவை எடுத்து டப்பாவில் விட்டாள். அவள் பார்வை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கொழுந்தன் மனைவியான சின்னவளின் வயலில் இருந்தது.

பொறாமைதான், வேறென்ன. இரண்டு பேரும் மருந்தில்லாத விவசாயம் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் அதே சாணம், அதே வாய்க்கால் தண்ணீர். ஆனால் சின்னவளின் முட்டைகோஸ் மட்டும் சலவைக்குப் போட்டு வாங்கியதுபோல் பளபளவென்று இருக்கும். காலையில் குருவிக் கூட்டம்கூடப் பெரியவளின் வயலில்தான் இறங்கிக் கிளறும். அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காது. குருவிக்குக்கூட அவள்மேல்தான் கரிசனம் என்று பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

கடைக்காரம்மா நகரத்தில் மருந்தில்லாத காய்கறி மட்டும் விற்பவள். வருஷம் முழுக்க முட்டைகோஸ் எடுக்க ஒரே ஒரு வயலைத் தேர்ந்தெடுக்கத்தான் இன்று வருகிறாள்.

இரண்டு பேரின் கூடைகளும் கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பெரியவள் தன் காய்களில் ஓட்டை விழுந்த மேல் இலைகளை உரித்து, துடைத்து அடுக்கியிருந்தாள். சின்னவள் டீ போடப் போன சமயம் பார்த்து, டப்பாவை அவள் கூடையில் கவிழ்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பெரியவளுக்கு மனசு குளிர்ந்தது.

கடைக்காரம்மா வந்தாள். பெரியவளின் காயைத்தான் முதலில் எடுத்துப் புரட்டினாள்.

"மேல் இலையெல்லாம் எங்கம்மா?"

"உரிச்சிட்டேங்க. சுத்தமா இருக்கட்டுமேன்னு."

"ஓ." அந்த ஒற்றை எழுத்து பெரியவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த கூடையில் கை வைத்ததுமே கொழுத்த புழு ஒன்று கடைக்காரம்மாவின் விரலில் ஏறியது. சின்னவளின் முகம் வெளுத்துப் போனது.

"என்னடி இது, பார்த்து அடுக்கக் கூடாதா?" என்றாள் பெரியவள். சிரிப்பை மறைக்க இருமிக்கொண்டாள்.

கடைக்காரம்மா புழுவை உதறவில்லை. உள்ளங்கையில் விட்டுச் சிரித்தாள்.

"இதைத்தாம்மா தேடிட்டு வந்தேன். என் கடைக்கு வர்றவங்க உடம்புக்கு நல்லதுன்னு வாங்கறாங்க. என் கவலை இந்த வாய்க்காலைப் பத்தி. அடிக்கிற மருந்து இலையோட நிக்காது. தண்ணியில இறங்கும், மண்ணுல இறங்கும், தவளை, தேனீ, மண்புழுன்னு எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் ஓயும். புழு தின்னது போக மிச்சம் போதும்னு விடறவங்க வயல்தான் எனக்கு வேணும்."

வருஷக்கணக்காகக் கணவனிடம் பெரியவள் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்ட அதே பேச்சு.

"எங்க காய்லயும் புழு இருக்குங்க" என்றாள் அவசரமாக.

"எங்கே, ஒண்ணு காட்டுங்க."

பெரியவள் கூடையையே கவிழ்த்துத் தேடினாள். ஒன்றும் இல்லை. வயலுக்குக் கூட்டிப் போய்க் காட்டலாம் என்றால், காலையில் ஒன்று விடாமல் பொறுக்கியவளே அவள்தான்.

"மருந்து படிஞ்ச இலையை உரிச்சிட்டு, சுத்தம்னு கொண்டு வர்றவங்களை நிறையப் பார்த்தாச்சும்மா" என்றாள் கடைக்காரம்மா. "அடுத்த வாரத்துலேர்ந்து அனுப்பிடுங்க" என்று சின்னவளிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினாள்.

கொட்டகை வாசலில் நின்றிருந்த கணவன் பெரியவளை ஒரு பார்வை பார்த்தான். "மருந்துக் கடைக்குப் போயிட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டான்.

அவன் தலை மறைந்ததும் சின்னவள் கிட்டே வந்து, பெரியவளின் காதோரம் குனிந்தாள். இத்தனை சந்தோஷத்திலும் அவளுக்குக் குழப்பம் தீரவில்லை.

"நேத்து சாயங்காலம்கூட மருந்து அடிச்சேனே, இந்தப் புழு மட்டும் எப்படிக்கா பொழைச்சுது?"