இடுப்புப் பையில் என்ன?

"கையும் களவுமா பிடிச்சிட்டேன் சார்! இவ இடுப்புப் பையைக் கொட்டிக் காட்டச் சொல்லுங்க!"

தெருச் சங்கத் தலைவர் போட்ட சத்தத்தில் பாதித் தெரு வாசலுக்கு வந்துவிட்டது. தலைவருக்குக் குப்பை என்றால் ஆகாது. மைக் கிடைத்தால் போதும், சுத்தம் சுகாதாரம் என்று ஒரு மணி நேரம் பிடிபிடியென்று பிடித்துவிடுவார்.

தெரு கூட்டும் பெண் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். துப்புரவு மேற்பார்வையாளர் பைக்கிலிருந்து இறங்கினார்.

"என்ன சார் திருடினா?"

"காகிதம் சார்! தெருமுனையில திருட்டுத்தனமா விழற குப்பை மூட்டையை இவ பிரிச்சு, உள்ள விலாசம் இருந்தா எங்ககிட்ட கொடுக்கணும். அந்தப் பேரைச் சங்கத்துப் போர்டுல எழுதி மானத்தை வாங்கணும். நான் கொண்டுவந்த திட்டம். மூணு மாசமா தினமும் மூட்டை விழுது, ஒரு விலாசம்கூட வரலை. இன்னிக்கு மறைஞ்சு நின்னு பார்த்தேன். எடுத்துப் பையில போட்டுக்கறா! போடறவன்கிட்ட கை நீட்டிக் காசு வாங்கியிருக்கா."

"அப்படியா சங்கதி?" மேற்பார்வையாளர் முகம் கடுகடுத்தது. "நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. அது தலைவருக்கும் தெரியும்.

"பையைக் கொட்டு!" என்றார்.

"கொட்ட மாட்டேன். ஐயா மட்டும் பாருங்க."

தலைவர் பையைப் பிடுங்கிக்கொண்டு ஒதுங்கி நின்று திறந்தார்.

மின்கட்டண ரசீது. மருந்துக் கடைச் சீட்டு. கூரியர் உறை. எல்லாவற்றிலும் ஒரே கதவு எண்.

அவர் வீட்டு எண்.

அவள் அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "உங்க வீட்டம்மாவுக்கு முட்டி வலி ஐயா. குப்பை வண்டி வர்ற நேரத்துக்கு மாடியிலேர்ந்து இறங்க முடியலை. உங்களைக் கேட்டா, 'குப்பைக்கூடை தூக்கவா நான் தலைவரானேன்'னு குதிக்கிறீங்களாம். அதான் ஜன்னல் வழியா போட்டுடறாங்க. போர்டுல உங்க பேரு வந்தா அவங்களை உண்டு இல்லைன்னு பண்ணிடுவீங்களேன்னுதான் எடுத்து வெச்சேன்."

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். தெருமுனையில் இருந்த அவர் வீட்டு மாடி ஜன்னல் சட்டென்று சாத்திக்கொண்டது.

"யார் விலாசம் சார்?" மேற்பார்வையாளர் கிட்டே வந்தார். தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

தலைவர் காகிதங்களை அவசரமாகத் தன் சட்டைப் பைக்குள் திணித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எல்லாம் கிழிஞ்சு கிடக்கு, ஒண்ணும் புரியலை. பாவம், ஏழை. ஏதோ புத்தி கெட்டுப்போய் செஞ்சுட்டா. இந்த ஒரு தடவை நான் மன்னிச்சுடறேன். வேலையை விட்டு எடுக்காதீங்க."

"தலைவருக்கு என்ன ஒரு பெரிய மனசு!" யாரோ கை தட்ட, தெருவே தட்டியது.

மேற்பார்வையாளர் அவளை அதட்டினார். "மரம் மாதிரி நிக்கறியே, ஐயாவுக்கு நன்றி சொல்லு!"

சொன்னாள்.

தலைவர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.