வட்டம் விழாத தட்டு

"எண் போடாத இந்தத் தட்டு யாரோடது? மரியாதையா உண்மையைச் சொல்லுங்க!"

பேராசிரியர் போட்ட சத்தத்தில் ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. இரண்டு நாள் முன்பு மாணவர்கள் அவரவர் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து, தங்கள் வரிசை எண்ணை எழுதிய தட்டுகளில் கிருமிகளை வளர்த்திருந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் ஆறு ஆன்டிபயாடிக் வில்லைகள். மருந்துக்குக் கிருமி செத்தால் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழும். இந்த ஒரு தட்டில் மட்டும் பேருக்குக்கூட ஒரு வட்டம் இல்லை.

மற்றவர்கள் எல்லாரும் தங்கள் தட்டை எடுத்துக்கொண்டாயிற்று. வெறுங்கையோடு நின்றவள் ஒருத்திதான். தும்மல் வந்தாலே மாத்திரை போடுவதால் வகுப்பில் அவளுக்குப் பெயர் 'மெடிக்கல் ஷாப்'.

"நீ எண் எழுதினியா இல்லையாடி?" என்று கிசுகிசுத்தாள் தோழி.

"ஞாபகமே இல்லடி."

அவளுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நாளைக்கே ஒரு காய்ச்சல் வந்தால் எந்த மருந்தும் கேட்காதா? பக்கத்தில் இருந்தவர்கள் வேறு, ஒட்டிக்கொள்ளுமோ என்று ஓரடி தள்ளி நின்றார்கள்.

"டாக்டர் எழுதித் தர்றதை முழுசா சாப்பிடுவியாம்மா?" என்று நெருங்கி வந்தார் பேராசிரியர்.

"ஜுரம் விட்டதும் நிறுத்திடுவேன், சார். மிச்சத்தை அடுத்த ஜலதோஷத்துக்கு வச்சுக்குவேன்."

"ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக்கா? படிக்கிறது கிருமியைப் பத்தி, பண்றது இந்தக் கூத்து! பாரு, ஆறு மருந்தையும் ஏப்பம் விட்டுட்டு உட்கார்ந்திருக்கு. எல்லாம் உன் கைங்கரியம்!"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இனிமே சத்தியமா தொட மாட்டேன், சார்."

அப்போது ஆய்வக உதவியாளர் இன்னொரு தட்டோடு ஓடி வந்தார்.

"சார், இது கிருமி வளர்க்கிற இன்குபேட்டர் பெட்டியில கீழ் அடுக்குல தங்கிடுச்சு. எண்ணுக்குப் பதிலா இந்தப் பொண்ணு தன் பேரையே எழுதி வச்சிருக்கு."

வாங்கிப் பார்த்தாள். சிறிதும் பெரிதுமாக ஆறு வட்டங்கள். போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப இந்த எண் போடாத சனியன் யாரோடதுய்யா?" என்று எரிந்து விழுந்தார் பேராசிரியர்.

உதவியாளர் தலையைச் சொறிந்தார்.

"எப்படித் தடவி எடுக்கணும்னு பிள்ளைங்களுக்குக் காட்டுறதுக்கு, முதல்ல உங்க தொண்டையில எடுத்தீங்களே, சார்... அதுதான்."