பிரேக்கில் இருக்கும் கால்

ஆஸ்பத்திரி நாற்காலியில் பஸ் டிரைவர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் வெயில் அவருடைய நரைத்த காதோரத்தில் விழுகிறது. புஜத்தில் சுற்றிய பட்டை உஸ்ஸென்று காற்றை விடுகிறது. "பிரஷர் இன்னும் குறையலையே. மூச்சை நல்லா இழுத்து மெதுவா விடுங்கண்ணா," என்கிறாள் நர்ஸ். இழுத்து விடுகிறார். ஆனால் வெளியே ஹாரன் அலறும்போதெல்லாம் அவருடைய தாடை இறுகுகிறது. வலது கால் தரையை ஓங்கி அழுத்துகிறது. பக்கத்தில் நிற்கும் மனைவி அந்தக் காலையே பார்க்கிறாள். தூக்கத்திலும் கட்டில் சட்டத்தை இப்படித்தான் மிதிப்பார். அவள் குனிந்து அவருடைய முழங்கால்மேல் கையை வைக்கிறாள். "கடைசி ஸ்டாப் வந்தாச்சுங்க. எல்லாரும் பத்திரமா இறங்கிட்டாங்க." பாதம் மெல்லத் தளர்கிறது. கண்ணைத் திறக்காமலே அவர் கேட்கிறார்: "நீ இறங்கிட்டியா?"