கணுக்கால் மணல்

“ஃபோர்ட் கொச்சி வேண்டாம். அங்கே நடைபாதை ரொம்ப நன்னாயிருக்கு” என்றார் அனந்தநாராயணன்.

அம்மிணி தோசையைத் திருப்பிப் போட மறந்து கணவரைப் பார்த்தாள். பாதை நன்றாக இருப்பதால் ஒரு கடற்கரை வேண்டாமாம். மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் கணக்கெழுதுகிற மனுஷர் பேசுகிற பேச்சா இது?

“பின்னே, செல்லானம் போலாமே?”

“அங்கே கல்லுக்கட்டு. எறங்கறதுக்குப் படி வேற வெச்சிருக்கான். சரிப்படாது.”

“படி இருந்தா நம்ம கங்காவுக்குத்தானே சௌகரியம்?”

“அதெல்லாம் நோக்குப் புரியாது.”

புரியத்தான் இல்லை. பெண் பார்க்கக் கடற்கரை எதற்கு என்பதே முதலில் அவளுக்குப் புரியவில்லை. ஊரில் எல்லாரும் வீட்டுக்கு வந்து, சொஜ்ஜி பஜ்ஜி தின்றுவிட்டுத்தான் பெண் பார்க்கிறார்கள். இவர் என்னடாவென்றால், திருப்பூணித்துறைப் பையன் வீட்டாரைக் கடலோரத்துக்கு வரச்சொல்லியிருக்கிறார். பையன் போன வருஷம், அறுபத்தொண்ணில், பி.காம். முடித்து எர்ணாகுளத்தில் ஒரு கப்பல் ஆபீசில் இருக்கிறான். நல்ல இடம்.

இதில் பெண் கங்காவுக்கே விஷயம் தெரியக் கூடாதாம். “அப்பாவோட சிநேகிதர் குடும்பம் வரது, எல்லாருமாக் கடல் பாக்கப் போறோம்” என்று மட்டும் சொல்ல வேண்டுமாம்.

கங்காவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் குட்டையாகிவிட்டது. தாங்கித் தாங்கித்தான் நடப்பாள். மற்றபடி அழகுக்கோ சமர்த்துக்கோ குறைச்சலில்லை. வருகிறவர்களும் ஆசையாகத்தான் வருவார்கள். “கூடத்துலே கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கோ” என்பார்கள். அவள் நடப்பாள். அவர்கள் பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்புவார்கள்.

போன தடவை அப்படித்தான் ஆயிற்று. கங்கா அன்றைக்கும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. “இனிமே யார் முன்னாடியும் நடந்து காட்ட மாட்டேன்மா” என்று சொல்லிவிட்டாள். இதுவும் தட்டிப் போனால் பெண் கல்யாணப் பேச்சையே எடுக்கவிட மாட்டாள் என்று அம்மிணிக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை அனந்தநாராயணன் தனியாகப் போட் ஏறி வைப்பின் தீவுக்குப் போனார். சாயங்காலம் வேஷ்டியெல்லாம் மணலாகத் திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“செராய்க் கடற்கரைதான் நமக்குப் பொருத்தம். மணல்லே கணுக்கால் வரைக்கும் புதையறது. ரெண்டு தடவை விழப் பாத்தேன்.”

“விழறதுக்கா அவாளைக் கூப்பிடறேள்?”

“ஒரு காப்பி கொண்டா” என்றார்.

இவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் அம்மிணி.

அடுத்த ஞாயிறு இவர்கள் செராய் போய்ச் சேர்ந்தபோது, பையன் வீட்டார் முன்னாலேயே வந்து மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பையன் வெங்கிடேஸ்வரன், அவன் அப்பா, அம்மா பாக்கியலக்ஷ்மி. மூன்றே பேர்.

“வாங்கோ, வாங்கோ” என்று எழுந்து வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். பையன் ஒரு காலை எடுத்தால் மறு கால் புதைந்தது. அனந்தநாராயணனைக் கேட்கவே வேண்டாம். அம்மிணியும் நொண்டிக்கொண்டுதான் போனாள். அத்தனை பேருக்கு நடுவில் கங்காவின் நடை ஒன்றும் தனியாகத் தெரியவில்லை.

அப்போதுதான் அம்மிணிக்குச் சுருக்கென்றது. அடப் பாவி மனுஷா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவர் பெண்ணின் காலை மணலில் மறைக்கப் பார்க்கிறாரே. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம், சரி. தாலி கட்டின பிறகு கூடவே மணலையும் அனுப்ப முடியுமா? அடுத்த தெரு காமாக்ஷியை இப்படித்தான் ஆஸ்துமாவை மறைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். ஆடி வருவதற்குள் பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்துவிட்டாள்.

அதற்குள் பாக்கியலக்ஷ்மி தடுமாறி விழப் போனாள். கங்கா சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

“காலைத் தூக்காதேங்கோ மாமி, இழுத்து இழுத்து வையுங்கோ. நேக்கு இது பழக்கம்” என்று சிரித்தாள்.

மாமியும் சிரித்தாள். வெளி மனுஷர்கள் முன்னால் கங்கா சிரித்து எத்தனை காலமாயிற்று! இந்தச் சிரிப்பு நாளைக்கு அழுகையாகத் திரும்பி வரக் கூடாது.

மற்றவர்கள் அலையோரமாக முன்னே போனதும், அவள் பாக்கியலக்ஷ்மியை நிறுத்தினாள்.

“மாமி, ஒண்ணு சொல்லணும். இவர் சொல்லியிருக்க மாட்டார். எம்பொண்ணு மணல்லே மட்டுமில்லே, நல்ல தரையிலேயும் இப்படித்தான் நடப்பா. எடது கால் குட்டை. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்கோ. கல்யாணத்துக்கப்புறம் திருப்பி அனுப்பினா, அவளும் தாங்க மாட்டா, நானும் தாங்க மாட்டேன்.”

பாக்கியலக்ஷ்மி அவளை நிதானமாகப் பார்த்தாள்.

“தெரியுமே. ஜாதகத்தைக் கையிலே குடுக்கறதுக்கு முன்னாடி உங்காத்துக்காரர் சொன்னதே அதைத்தானே. போன தடவை வந்தவா போனப்புறம் கொழந்தை சாப்பிடாமக் கெடந்ததையும் சொன்னார்.”

அம்மிணி முன்னால் போகிற கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“பின்னே, இந்த மணல்… எங்கிட்டே ஏன் சொல்லலை?”

“அம்மா மொகத்தைப் பாத்தே பொண்ணு கண்டுபிடிச்சுடுமாம், அதனாலேயாக்கும். மணல் எங்காத்துப் பிள்ளை போட்ட கண்டிஷன். ‘அவளை நடக்கவிட்டு நான் உக்காந்து பாக்க மாட்டேன். நானும் அவளை மாதிரியே நடக்கற எடமாப் பாத்துச் சொல்லுங்கோ’ன்னு உங்காத்துக்காரரைக் கேட்டுண்டான்.”