கூடுதல் தாள்

தேர்வுக் கூடத்தில் பேனாக்கள் உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஜன்னல் வெயில் மூன்றாவது வரிசை வரை வந்துவிட்டது. கண்காணிக்க உட்கார்ந்திருக்கும் பேராசிரியையின் மடியில் வருகைப் பதிவேடு. அதற்குள் ஒரு துப்பறியும் நாவல். நாவலிலும் ஒரு பல்கலைக்கழகம்தான். வேதியியல் துறைத் தலைவர் ஆய்வகத்தில் செத்துக் கிடக்கிறார். எல்லோருக்கும் காவலாளி மேல் சந்தேகம், இவளுக்கு மட்டும் நூலகர் மேல். செத்தவருக்குத் தன் துறைத் தலைவரின் முகத்தையே பொருத்திக்கொண்டு படிக்கிறாள்; உதட்டோரம் சிரிப்பு. சாவி தொலைந்துவிட்டதென்று நூலகர் புளுகும் இடத்தில் தேர்வு முடியும் மணி அடிக்கிறது.

திடுக்கிட்டு நிமிர்கிறாள். கடைசி வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்கியபடி இருக்கிறாள். வலி தாங்காமல் அந்த முழங்கைக்கு மறு கையால் முட்டுக்கொடுத்திருக்கிறாள். யாரும் இருக்கையை விட்டு எழக் கூடாதென்று ஆரம்பத்திலேயே அதட்டியவள் இந்தப் பேராசிரியைதான். அருகே போய்ப் பார்க்கிறாள். விடைத்தாளின் கடைசிப் பக்கம் ஓரம்வரை நிரம்பி, எழுத்து எறும்பாய்ச் சிறுத்து, பாதி வாக்கியத்தில் நிற்கிறது. கூடுதல் தாள் கட்டு முன்மேசையில் அப்படியே கிடக்கிறது. “கூப்பிட்டிருக்கலாமேம்மா?” என்கிறாள். “ரெண்டு தடவ கூப்பிட்டேன் மேடம். நீங்க ஏதோ முக்கியமா படிச்சிட்டிருந்தீங்க, அதான்...” மணி அடித்த பிறகு ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது என்பது விதி. பேராசிரியை தாளை வாங்க வலது கையை நீட்டுகிறாள். இடது கையில் பதிவேடு. அதற்குள், விட்ட பக்கத்தில், அவள் கட்டைவிரல் இன்னும் இருக்கிறது.