கதவுக்கு வெளியே

"அஞ்சே நிமிஷம் உள்ளே விடும்மா. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்!"

நோயாளியின் மகள் கெஞ்சியதைக் கேட்டும், ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் அந்த அறையின் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"வயசானவங்க முடிவு எடுக்கறப்போ பிள்ளைங்க பக்கத்துல இருக்கக் கூடாதுங்க. அந்த பெஞ்சு உங்களுக்காகத்தான் போட்டிருக்கு."

"காலை எடுக்கலேன்னா உயிரே போயிடும்னு டாக்டர் சொல்றார். அம்மா வேண்டாம்னு அடம் பிடிக்கறாங்க. வலியில பேசறாங்க! நான் கையெழுத்துப் போடறேன்."

"புத்தி தெளிவாத்தான் இருக்காங்க. உங்க கையெழுத்து செல்லாது."

"விதி மனுஷங்களுக்காகத்தானே? பெத்தவளைச் சாகவிட்டு வேடிக்கை பார்க்கச் சொல்றியா?"

பணியாளருக்கும் கண் கலங்கிவிட்டது.

"இதையேதான் நானும் வகுப்புல கேட்டேன், மேடம். 'பிள்ளைங்க அழுகைக்கு உருகினா பெத்தவங்க குரல் காதுல விழாது'ன்னு ஒரே போடா போட்டீங்க. இந்த விதியை எழுதினதே நீங்கதானே?"

முதியவர்களின் முடிவு முதியவர்களுக்கே என்று ஆயுசெல்லாம் மேடை மேடையாக முழங்கிய பேராசிரியைதான் இந்த மகள்.

"அம்மா வேற ஏதாவது சொன்னாங்களா?"

பணியாளர் தயங்கினாள்.

"'ஊர்க் கிழங்களுக்கெல்லாம் என் பொண்ணு நியாயம் பேசுவா, என்னை மட்டும் பேசவே விடமாட்டா'ன்னாங்க. அப்புறம், 'அவ அழுதா நான் சரின்னுடுவேன், உள்ளே விட்டுடாதே'ன்னாங்க."

கதவைத் தட்ட ஓங்கிய கை அப்படியே நின்றது. அழுகைச் சத்தம் உள்ளே கேட்டுவிடாதபடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தாள் பேராசிரியை.